பார்சல் தொலைந்தால் யாரிடம் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

தீபாவளி முடிந்த நாளிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த கடிதங்களிலும் புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளிலும் பெரும்பாலானவை காணாமற்போன பார்சல்களைப் பற்றியே பேசுகின்றன. பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற நகரங்களில் சேலையோ முறுக்கோ கைவினைப் பொருளோ இயங்கலையில் விற்கும் ஒருவர் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார். லயன் (தோட்டத்து வரிசை) வீட்டு முன்கூடத்தில் கட்டப்படும் பொட்டலங்கள் ஜொகூருக்கும் கெடாவுக்கும் போகின்றன. சில போய்ச் சேருவதில்லை. சட்டம் சொல்வதையும், அஞ்சலக முகப்பில் பல ஆண்டுகள் உட்கார்ந்து நான் கண்டதையும் சேர்த்து, ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். பெஸ்தாரி ஜெயாவில் வீட்டிலிருந்தபடியே சேலை வியாபாரம் செய்கிறேன். ஸ்கூடாயில் உள்ள ஒருவருக்கு மூன்று சேலைகளைக் கூரியரில் அனுப்பினேன். 16 நாட்களாக டிராக்கிங்கில் ஷா ஆலாம் தரம்பிரிப்பு மையம் என்றே காட்டுகிறது. கிளையில் போய்க் கேட்டால், ‘வாங்கியவரைப் புகார் செய்யச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். வாங்கியவரோ 390 வெள்ளியை (ரிங்கிட்டை) திருப்பித் தரும்படி தினமும் செய்தி அனுப்புகிறார். நான் என்ன செய்வது?

பதில்: கிளையில் சொன்னதை அப்படியே விட்டுவிடுங்கள், சகோதரி. அஞ்சல் கட்டணத்தைக் கட்டியவர் நீங்கள். சீட்டில் அனுப்புநர் என்று எழுதப்பட்டிருப்பதும் உங்கள் பெயர்தான். ஆகவே நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர் நீங்களே. இழப்பீடு கோர வேண்டியவரும் நீங்களே. ஸ்கூடாய் வாடிக்கையாளருக்கு அந்த நிறுவனத்தோடு எந்த ஒப்பந்தமும் இல்லை. அவருக்கு உங்களோடு மட்டுமே தொடர்பு உண்டு என்பதால், அவர் உங்களிடம் பணம் கேட்பதிலும் தவறில்லை.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தொலைபேசியில் பேசிய பேச்சைப் புகாராகக் கருதாமல், நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கோ அதன் இணையப் பக்கத்தில் உள்ள புகார்ப் பாரத்திலோ எழுத்து வடிவில் கோரிக்கையைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கூரியர் நிறுவனங்களின் விதிமுறையில், அனுப்பிய நாளிலிருந்து இத்தனை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்காவிட்டால் கோரிக்கை ஏற்கப்படாது என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். சிலவற்றில் மிகவும் குறுகியது. ‘இன்னும் இரண்டு நாள் பாருங்கள்’ என்று முகப்பில் இருப்பவர் நல்லெண்ணத்தில் சொல்லச் சொல்ல, அந்த நாட்கள் உங்கள் கணக்கில்தான் கழிகின்றன. கடிதத்தை மலாய் மொழியில் எழுதி, ‘துந்துத்தான் காந்தி ருகி’ (இழப்பீட்டுக் கோரிக்கை) என்று தலைப்பிட்டு, சீட்டு எண், அனுப்பிய நாள், பொருளின் விவரம், டிராக்கிங்கில் கடைசியாகத் தெரிந்த இடமும் நேரமும், கோரும் தொகை, பதிலுக்குக் கொடுக்கும் 14 நாள் அவகாசம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் போதும். கோபத்தைக் கடிதத்தில் காட்ட வேண்டாம். படிக்கிறவர் தேடுவது எண்ணையும் நாளையும்தான்.

கடிதத்தோடு இணைக்க வேண்டியவை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கோரிக்கைகள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. பார்சலை ஒப்படைத்ததற்கான சான்று ஒன்று. உள்ளே என்ன இருந்தது என்பதற்கான சான்று மற்றொன்று. அதன் விலை என்ன என்பதற்கான சான்று மூன்றாவது. சீட்டை அச்சிட்டு ஒட்டியதால் மட்டும் பார்சல் அவர்கள் கைக்குப் போய்விட்டதாக ஆகாது. முகப்பில் அதை ஸ்கேன் செய்த பிறகுதான் கணக்கு தொடங்குகிறது. பெட்டியில் போட்டுவிட்டு ஓடிவருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ‘பீப்’ ஒலியைக் கேட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு நகருங்கள். விலைக்குச் சான்றாக, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ வேறெங்கோ நீங்கள் மொத்தமாகச் சேலை எடுத்த கடையின் பில்லும், வாங்கியவர் பணம் செலுத்திய வங்கிப் பதிவும், பேசி முடித்த புலன உரையாடலின் திரைப்பிடிப்பும் போதுமானவை.

இதில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, கூலிமில் இருக்கும் அக்காள் மகளுக்குப் பழைய புத்தகங்கள் ஒரு பெட்டி அனுப்பினேன். பெட்டி போய்ச் சேரவில்லை. பிறருக்கு வாழ்நாள் முழுதும் ‘ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்’ என்று சொன்ன நான், என் ரசீதைச் சமையலறையில் அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் ஊறுகாய்ப் பாட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது வெள்ளைத் தாள்தான் இருந்தது. அந்தத் தாளில் மையே கிடையாது. சூட்டினால் கறுக்கும் பூச்சில்தான் எழுத்து விழுகிறது. அதனால் வெப்பம், எண்ணெய்ப் பிசுக்கு, வெயில், சில வேளைகளில் பிளாஸ்டிக் உறையின் ஒட்டுதல்கூட அதைக் கெடுத்துவிடும். எண் தெரியாத ரசீதை வைத்துக்கொண்டு நான் எந்த முகப்பில் போய் நிற்பது? முகப்பை விட்டு இறங்கும் முன்பே ரசீதைக் கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள்.

தொகையைப் பொறுத்தவரை, நீங்கள் 390 வெள்ளியையே கேளுங்கள். விற்பனை முடிந்து, பணத்தைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் உங்கள் இழப்பு அதுதான். நிறுவனம் தன் விதிமுறையைக் காட்டிக் கொள்முதல் விலையை மட்டும் தருவதாகச் சொல்லக்கூடும். அப்போது அதையும் அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்துப் பேசலாம். அந்த வாடிக்கையாளர் இனி வாங்கமாட்டார், திருமண ஆர்டர் ஒன்று கைநழுவியது என்பவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒப்பந்த மீறலிலிருந்து இயல்பாக விளையும் இழப்புக்கே 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு இடம் தருகிறது. தொலைதூர இழப்புகளைக் கூட்டினால் நியாயமான கோரிக்கையும் பேராசையாகத் தோன்றும்.

வாடிக்கையாளருக்குப் பணத்தை எப்போது திருப்புவது என்பதையும் நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில், கூரியர் நிறுவனத்தின் பதிலுக்காக அவரைக் காக்க வைப்பது சரியில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை அவர் பெற்றுக்கொண்டதாக ஒரு செய்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் கோரிக்கைக்கு இன்னொரு சான்றாகவும் ஆகும்.

கேள்வி: நான் பித்தளை விளக்குகள் விற்பவன். 850 வெள்ளி மதிப்புள்ள பார்சல் தொலைந்துவிட்டதாக நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் சீட்டின் பின்பக்க விதிமுறையைக் காட்டி, அதில் ஒரு சிறு பகுதியைத்தான் தருவோம் என்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வதா? நடுவர் மன்றத்துக்குப் போகலாமா?

பதில்: அந்த எழுத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. பாதி வழக்கு அதிலேயே முடிந்துவிட்டது.

பிறர் பொருளை ஒரு காரியத்துக்காகத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டவர், தன் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ள மனிதர் எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 104ஆவது பிரிவு சொல்கிறது. ஒப்படைத்த பொருள் திரும்பவும் வரவில்லை, போய்ச் சேரவும் இல்லை என்று நீங்கள் காட்டிவிட்டால், தான் கவனமாகவே இருந்ததாக நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள் தலையில் ஏறுகிறது. நீங்கள் ஷா ஆலாமுக்குப் போய் எந்த லாரியில் தொலைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சிக்கல் அந்தப் பின்பக்க வரியில்தான். ‘எந்த இழப்புக்கும் நாங்கள் பொறுப்பே இல்லை’ என்று எழுதி வைப்பதும், ‘இவ்வளவு வரைதான் பொறுப்பு’ என்று எழுதி வைப்பதும் ஒன்றல்ல. 2018இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வீட்டுக்கடன் வழக்கில், வாடிக்கையாளருக்கு எந்தவகை இழப்பீட்டுக்கும் வழியில்லாமல் அடைத்துவிடும் விதியை ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவின்கீழ் செல்லாது என்றது. உச்சவரம்பு வைக்கும் விதிக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். உச்சவரம்பு கொஞ்சமாவது தருகிறது, கதவை முழுதாக அடைப்பதில்லை. உங்கள் விதி எந்த வகை என்பதை ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பாருங்கள்.

நடுவர் மன்றம் பற்றி: பயனீட்டாளர் நடுவர் மன்றம் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது, வீட்டுத் தேவைக்காகப் பொருளோ சேவையோ பெறுகிறவருக்கானது. நீங்கள் வியாபாரத்துக்காகக் கூரியர் சேவையைப் பயன்படுத்துகிறவர். ஆகையால் ‘இவர் பயனீட்டாளரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு முதல் நாளே வாதாட இடமிருக்கிறது. வெற்றி தோல்வி இருக்கட்டும், அந்த வாதத்துக்கே சில மாதங்கள் போய்விடும். உங்களுக்கு நான் சொல்லும் வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆவது ஆணை இதற்கென்றே இருக்கிறது. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைத் தனிநபர் ஒருவர் வழக்கறிஞர் இல்லாமல் தாமே தாக்கல் செய்யலாம். நிரப்ப வேண்டியது 198ஆம் பாரம். வாதி தனிநபராக இருக்க வேண்டும் என்பதால், வியாபாரத்தைச் செண்டிரியான் பெர்ஹாட்டாக (தனியார் வரையறை நிறுவனமாக) பதிந்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. சொந்தப் பெயரிலோ வணிகப் பெயரிலோ தனியாளாகப் பதிந்திருப்பவர்களுக்குத் தடையில்லை. நம் வட்டாரத்தவருக்குக் கோலசிலாங்கூர் நீதிமன்றம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒப்பந்த வழக்குகளுக்கு 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டுகள் தருகிறது என்றாலும், ஆறு ஆண்டு கழித்து டிராக்கிங் பதிவு இருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்துக்கு முன்னால் இன்னொரு படி உண்டு. அஞ்சல், கூரியர் உரிமங்களை 2012ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டத்தின்கீழ் கண்காணிப்பது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம். நிறுவனத்திடம் முதலில் முறையிட்டு, பதில் வரவில்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஆணையத்தின் இணையப் புகார்ப் பக்கத்தில் பதிவு செய்யலாம். ஆணையம் உங்களுக்குத் தீர்ப்பு எழுதித் தராது. ஆனால் கிளையில் உறங்கும் கோப்பு தலைமையகத்தில் விழித்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது கையெழுத்து. ‘முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்’ என்ற பொருள்படும் வாசகம் அந்தப் பாரத்தில் இருந்தால், கையெழுத்திட்ட பிறகு மிச்சத் தொகையைக் கேட்க முடியாது. அந்த வாசகத்தை அடித்துவிட்டு, பகுதித் தொகையாக மட்டும் பெற்றுக்கொள்வதாக எழுதித் தர அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். மறுத்தால், நீதிமன்றத்துக்கு அலையும் நாட்களின் கூலியையும் பெட்ரோலையும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். 850 வெள்ளிக்கு அலையலாம் என்பது என் எண்ணம். 85 வெள்ளியாக இருந்திருந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். அடுத்த முறை இந்த விலையில் பொருள் அனுப்பும்போது, சீட்டில் உண்மையான மதிப்பை எழுதி, கூடுதல் காப்பீட்டுக்கான சில வெள்ளியையும் கட்டிவிடுங்கள். கட்டணம் குறையட்டும் என்று 50 வெள்ளி என்று எழுதிவிட்டுப் பிறகு 850 கேட்கிற வழக்குகளை நானே முகப்பில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: டிராக்கிங்கில் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று இருக்கிறது. வாங்கிய அம்மா தன் கைக்கு வரவில்லை என்கிறார். அவர் இருப்பது பெரிய செம்பனைத் தோட்டம். யாரை நம்புவது?

பதில்: இருவருமே உண்மை பேசிக்கொண்டிருக்கலாம். முதலில் நிறுவனத்திடம் ஒப்படைப்புச் சான்றைக் கேளுங்கள்: எடுத்த படம், கையெழுத்து, நேரம், வாங்கியவர் பெயர். தோட்டத்து முகவரிகளில் பார்சல் வீட்டு வாசலுக்கு வருவது அரிது. வண்டி ஓட்டுகிறவர் ஜாகா (காவலாளி) கொட்டகையிலோ தோட்ட ஆபீசிலோ முனியாண்டி கோவில் பக்கத்து மளிகைக் கடையிலோ வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் காலத்தில் கடிதங்கள் ஆபீசுக்கு வரும், கிராணி (தோட்டக் கணக்கர்) பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். பெயர் கூப்பிட ஆள் இல்லாமல் போனாலும் ஆபீசில் கொடுக்கும் பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது. என் பணிக்காலத்தில் இப்படி ஒரு புகாரைத் தேடிப் போனபோது, பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) புத்தகங்களின் பின்னால், பல்லி முட்டையோடு, இரண்டு மாதமாக அந்தப் பழுப்புப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது.

ஆகவே வாங்கிய அம்மாவிடம் அந்த மூன்று நான்கு இடங்களிலும் விசாரிக்கச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால், தனக்கு வரவில்லை என்று அவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பட்டும். விலை உயர்ந்த பொருளாக இருந்தால் காவல் நிலையத்தில் ஒரு புகாரும் கொடுக்கட்டும். படத்தில் இருப்பது யார் வீட்டு வாசல் என்பதை அவரிடமே காட்டிக் கேட்பது நல்லது. பச்சைக் கதவைக் காட்டும் படமும் நீலக் கதவு வீடும் ஒத்துப்போகாவிட்டால், ‘ஒப்படைக்கப்பட்டது’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. இதையும் விரைவில் செய்ய வேண்டும். கேமராப் பதிவுகளைப் பல இடங்களில் சில வாரங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

முகவரியில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்து வீட்டெண் இல்லை என்றால், ஆபீசில் கொடுத்ததே சரியான ஒப்படைப்பு என்று நிறுவனம் வாதிடும், அதில் நியாயமும் இருக்கும்.

கேள்வி: நான் ஷாப்பி, லசாடா வழியாக மட்டுமே விற்கிறேன். நானும் கூரியரிடம் நேராகக் கேட்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. சீட்டைத் தளமே உருவாக்கித் தந்து, கூரியரைத் தளமே அமர்த்தியிருந்தால், கோரிக்கையைத் தளத்தின் விற்பனையாளர் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். அங்கே கெடு நாள் கணக்காக ஓடும். வாடிக்கையாளர் ‘கட்டணம் மிச்சம்’ என்று சொல்லித் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பி வாங்கியிருந்தால், அந்தப் பாதுகாப்பு எதுவும் உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

கேள்வி: நான் வாங்குகிறவள். முகநூலில் ஒருவரிடம் 160 வெள்ளிக்குக் குழந்தைத் துணிகள் வாங்கினேன். பார்சல் வரவில்லை. ‘கூரியரிடம் கொடுத்ததோடு என் பொறுப்பு முடிந்தது, சட்டமே அப்படித்தான்’ என்று விற்றவர் எழுதுகிறார். அப்படியா?

பதில்: அவர் பாதிச் சட்டத்தைப் படித்திருக்கிறார். 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, வாங்குபவருக்கு அனுப்பச் சொல்லிய பொருளை எடுத்துச்செல்பவரிடம் கொடுப்பது, வேறு விதமாக ஏற்பாடு இல்லாதவரை, வாங்குபவரிடம் கொடுத்ததற்குச் சமம் என்கிறது. அதே பிரிவின் அடுத்த உட்பிரிவை அவர் புரட்டவில்லை. பொருளின் தன்மைக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ற நியாயமான ஏற்பாட்டை விற்பவர் அந்த எடுத்துச்செல்பவரோடு செய்துகொள்ள வேண்டும். செய்யத் தவறி, பொருள் வழியில் தொலைந்தால், அது தனக்குக் கொடுக்கப்பட்டதாக ஏற்க வாங்குபவர் மறுக்கலாம். டிராக்கிங் எண்ணே இல்லாத மலிவு அஞ்சலில் போட்டுவிட்டு, நீங்கள் கேட்டபோது எண்ணும் தர முடியாதவர் நியாயமான ஏற்பாடு செய்தாரா என்பது கேள்வி. ‘வீட்டு வாசல் வரை கொண்டுவந்து தருவோம்’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால், அது அந்த ‘வேறு விதமான ஏற்பாடு’ ஆகிவிடுகிறது. அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள்.

நீங்கள் பயனீட்டாளர் என்பதால் நடுவர் மன்றம் உங்களுக்குத் திறந்திருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி. முதலாம் பாரத்தை நிரப்பித் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு 14 நாட்களுக்குள் இரண்டாம் பாரத்தில் பதில் தர வேண்டும். வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. கோரிக்கையின் உச்சவரம்பு முன்பு 25,000 வெள்ளியாக இருந்து, 2019இல் 50,000 ஆக உயர்த்தப்பட்டது. உங்கள் 160 வெள்ளியையும் அதே மன்றம்தான் கேட்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தீர்ப்பைப் பின்பற்றாமல் 14 நாட்கள் கடத்தினால் அது குற்றமாகும். இயங்கலையில் விற்பவர் தம் பெயர், முகவரி, தொடர்பு எண், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2013ஆம் ஆண்டு முதலே இருந்து வருகிறது. முகவரி தர மறுக்கும் விற்பனையாளரைப் பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சிடம் தனியாகவே புகார் செய்யலாம்.

ஆனாலும், முதலில் அவரிடம் மரியாதையாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: கூரியரிடம் அவர் கோரிக்கை வைத்தாரா, வைத்தால் புகார் எண் என்ன? பல சிறு விற்பனையாளர்களுக்குத் தாங்கள்தான் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. முதல் கேள்வியைக் கேட்ட சகோதரியைப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் முறுக்கும் அதிரசமும் அனுப்புகிறோம். ஐந்து நாள் தாமதமாகப் போய், நொறுங்கிக் காறிப்போய்விட்டன. இழப்பீடு கிடைக்குமா?

பதில்: கடினம். கெட்டுப்போகும் உணவையும், எளிதில் உடையும் பொருளையும் பல நிறுவனங்கள் இழப்பீட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. பொன், வெள்ளி, ரொக்கம் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதே இல்லை. கொலுசு விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அட்டைப்பெட்டி நசுங்கிய படமும், வாங்கியவர் திறக்கும்போது எடுத்த படமும் இருந்தால் கட்டணத்தையாவது திரும்பக் கேட்கலாம். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பாதீர்கள். வார இறுதி முழுவதும் அதிரசம் கிடங்கில்தான் இருக்கும்.

கேள்வி: சென்னையில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அஞ்சலகம் வழியாக 3 கிலோ பார்சல் அனுப்பினேன். இரண்டு மாதமாகியும் சேரவில்லை. இந்திய அஞ்சல் துறைக்கு எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம், நீங்கள் அனுப்பிய அஞ்சலகத்திலேயே விசாரணை கேளுங்கள். நாடுகளுக்கு இடையிலான அஞ்சல், 1874இல் தொடங்கப்பட்ட உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளின்படி நடக்கிறது. அந்த விதிகளின்படி அனுப்பிய நாட்டு அஞ்சல் நிறுவனமே அனுப்புநருக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு அது சென்ற நாட்டோடு கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். விசாரணை கேட்க ஆறு மாதம் அவகாசம் உண்டு, அனுப்பிய மறுநாளிலிருந்து கணக்கு. காப்பீடு செய்யாத சாதாரணப் பார்சல் முழுதாகத் தொலைந்தால், ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு பார்சல் ஒன்றுக்கு 40 எஸ்டிஆர், அதோடு கிலோவுக்கு 4.50 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. நாளுக்கு நாள் மாறும் என்றாலும் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆறு வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் 3 கிலோவுக்கு 53.50 எஸ்டிஆர், அதாவது 300 வெள்ளியை ஒட்டிய தொகை. பொருளின் உண்மையான மதிப்பு அதைவிடக் குறைவென்றால் அந்த மதிப்புதான் கிடைக்கும். பதிவு செய்யாத சிறு பொட்டலமாக அனுப்பியிருந்தால் எதுவும் கிடையாது. வாடிக்கையாளரே இழப்பீட்டைப் பெற வேண்டுமானால், உங்கள் உரிமையை அவருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரலாம்.

தனியார் கூரியரில் அனுப்பியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் சீட்டில் உள்ள விதிமுறையைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயரைச் சிலர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் எழுதுகிறார்கள். பார்சல் தொலைய இது காரணமாகுமா? இழப்பீட்டை மறுப்பார்களா?

பதில்: ஊர்ப் பெயர் 2007இல் மாறியது, பெரியவர்கள் நாக்கு மாறவில்லை. இரு பெயருக்கும் அஞ்சல் குறியீடு 45600 என்பதால், குறியீடு சரியாக இருந்தால் பார்சல் இந்த ஊருக்கு வந்துவிடும். தவறு பெரும்பாலும் இங்கே வந்த பிறகுதான் நடக்கிறது. இந்த வட்டாரத்தில் தோட்டங்கள் பல; 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டமும் இங்கேதான் இருக்கிறது. ஒரே தோட்டத்தில் பல டிவிஷன்கள் இருக்கும்போது, டிவிஷனையும் வீட்டெண்ணையும் விட்டுவிட்டு அனுப்பினால், ‘முகவரி முழுமையாக இல்லை’ என்ற காரணத்தை நீங்களே நிறுவனத்தின் கையில் கொடுத்தவர்களாவீர்கள். வாங்குபவரிடம் டிவிஷன், லயன் எண், வீட்டெண், பக்கத்து அடையாளம், இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, அவர் எழுதியதை அப்படியே சீட்டில் இறக்குங்கள். முகவரியைத் தந்த அவருடைய செய்தியை அழிக்க வேண்டாம். தவறு யாருடையது என்று பிறகு கேள்வி வந்தால் அதுதான் பதில். இன்னொரு முகவரித் தாளைப் பொட்டலத்துக்கு உள்ளேயும் வையுங்கள். மழைக்காலத்தில் மேலே ஒட்டிய சீட்டு நனைந்து உரிந்துவிட்டால், கிடங்கில் இருப்பவர் திறந்து பார்த்து உரியவரைக் கண்டுபிடிக்க அந்த ஒரு தாள்தான் இருக்கும்.